பட்டன்... பட்டன்... பட்டன்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் டீச்சரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சரம்மா என்றால் எங்கள் பேட்டை முழுவதற்கும் தெரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கிளாக்கோமா என்ற கண் வியாதி வந்து, மெல்ல மெல்லப் பார்வையைக் கொண்டு போய்விட்டது. கண் போனாலும் கணக்குப் போகவில்லை. பால் கணக்கில் அரை லிட்டர் கூடினால் இன்றைக்கும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

கூடத்தில் காலை வைத்ததும் யாரோ பேசுகிற குரல் கேட்டது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குரல்.

"பட்டன்... பட்டன்... பட்டன்..."

டீச்சரம்மா மடிக்கணினிக்கு எதிரே கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யார், நீயா? வாம்மா. நல்ல சமயத்தில் வந்தாய். இந்தப் புண்ணியவான் அரை மணியாய்ப் 'பட்டன், பட்டன்' என்று ஜபம் செய்கிறான். என்ன பட்டன் என்று நீயாவது பார்த்துச் சொல்லு" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு பொதுக் காரியாலயம், பெயர் வேண்டாம். டீச்சரம்மாவுக்கு அங்கே ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. முன்போல் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கண் தெரியாதவருக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா? பஸ் ஏற வேண்டாம்; மாடிப்படியைத் தடவித் தேட வேண்டாம். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய கணினியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். கண் தெரியாதவர்களுக்கு மவுஸ் உதவாதல்லவா? ஆகவே கீபோர்டில் 'டேப்' என்ற விசையைத் தட்டித் தட்டி ஒவ்வோர் இடமாக நகர்ந்து போவார்கள். போய் நிற்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் குரல் சொல்லும். எழுதியிருந்தால்தானே சொல்லும்? அந்தக் காரியாலயத்தார் 'அனுப்பு', 'அழித்துவிடு', 'திரும்பிப் போ' என்ற மூன்றையும் எழுத்தில் போடாமல் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டிருந்தார்கள். ஒரு பச்சை 'டிக்', ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, ஒரு வளைந்த அம்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்குப் பின்னால் 'இது இன்னது' என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. குரல் பாவம், என்ன செய்யும்? தனக்குத் தெரிந்ததைச் சொல்லிற்று. பட்டன்... பட்டன்... பட்டன்...

"இந்த மூன்றில் ஒன்று என் விண்ணப்பத்தை அனுப்பும். இன்னொன்று முக்கால் மணி நேரம் நான் தட்டியதையெல்லாம் துடைத்துவிடும். நிகழ்தகவுப் பாடம் நடத்தியவள்தான் நான். ஆனாலும் சொந்தக் காரியத்தில் பரீட்சை பார்க்க மனசு வரவில்லை" என்றார் டீச்சரம்மா.

"எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கலாமே, டீச்சர்?" என்றேன்.

சொன்னது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கூப்பிடலாம். தங்கமான பையன். போன தடவை அவன்தான் செய்து கொடுத்தான். என் பிறந்த தேதி, ஆதார் நம்பர், பாங்குக் கணக்கு, பாஸ்வேர்டு, போனில் வந்த ஓ.டி.பி. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். ஒரு பைசா போகவில்லை. ஆனால் மறுநாள் அவன் அம்மா வந்து, 'டீச்சர், உங்களுக்கு இத்தனை வயசா? தெரியவே இல்லையே!' என்றாள். என் பென்ஷன் எவ்வளவு என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஏம்மா, உன் பாங்குப் பாஸ்புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாயா நீ?"

நான் பதில் பேசவில்லை. பச்சை 'டிக்' எத்தனாவது பட்டன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

★

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆஸ்திரேலியாக்காரர் ஒருவரின் ஞாபகம் வந்தது. அவர் கதையை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

2000-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி சிட்னி நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமாயின. அதை நடத்திய அமைப்புக் குழு ஓர் இணையதளம் வைத்திருந்தது. எந்தத் தேதியில் எந்த ஆட்டம், யார் ஜெயித்தார்கள் என்றெல்லாம் உலகமே அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புரூஸ் மக்வயர் என்ற ஆஸ்திரேலியருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. அவர் பார்வையற்றவர். கணினியில் உள்ள எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மேலே எழுப்பிக் காட்டும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. விரலால் தடவிப் படித்துவிடுவார்.

அந்த இணையதளத்தில் தடவினால் ஒன்றும் கிடைக்கவில்லை! நம் டீச்சரம்மாவின் கதைதான். படங்களுக்கு விளக்கம் எழுதவில்லை. நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை.

1999-ம் வருஷம் ஜூன் மாதம் மக்வயர் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். "படங்களுக்கு எழுத்தில் விளக்கம் போடுங்கள். பட்டியலுக்குப் போக வழி வையுங்கள். பந்தய முடிவு அட்டவணைகளை எனக்கும் படிக்கும்படி செய்யுங்கள்" என்பது அவருடைய கோரிக்கை. அதற்கு முந்தின மாதம்தான், இணையதளங்களை எல்லோரும் உபயோகிக்கும்படி அமைப்பது எப்படி என்ற முதல் விதித்தொகுப்பை, இணையத்துக்கான சர்வதேச அமைப்பான டபிள்யூ-3-சி வெளியிட்டிருந்தது. ஆகவே, "எங்களுக்கு வழி தெரியாது" என்று சொல்ல இடமில்லை.

அமைப்புக் குழுவினர் வேறு பதில் சொன்னார்கள். இதைச் செய்ய ஓர் ஆளுக்கு 368 நாள் வேலை இருக்கிறது, இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்றார்கள். மக்வயர் தரப்பில் வந்த நிபுணர்களோ, ஒரு சிறிய குழு நாலு வாரத்தில் முடித்துவிடும் என்று சாட்சி சொன்னார்கள். ஒரு குழாயை மாற்றச் சொன்னால் சுவரையே இடிக்க வேண்டும் என்று கணக்குக் கொடுக்கும் ரிப்பேர்காரரை நமக்குத் தெரியாதா, சகோதரிகளே?

ஆணையம் 2000-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி மக்வயருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பந்தயம் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைச் சரி செய்ய வேண்டும் என்று உத்தரவு. குழுவினர் ஏதோ கொஞ்சம் செய்தார்கள், முழுவதும் செய்யவில்லை. நவம்பர் மாதம், மக்வயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு கொடுக்கும்படி ஆணையம் தீர்மானித்தது.

நஷ்ட ஈடு தீர்மானமாயிற்று. ஆனால் பந்தயம் அக்டோபர் முதல் தேதியே முடிந்து போயிருந்தது!

★

இதில் ஒரு சின்ன விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்களா? 'பார்வையற்றவர்கள் இங்கே வரக்கூடாது' என்று யாராவது பலகை மாட்டினார்களா? இல்லை. தளத்தைக் கட்டிய நாளில் அப்படி ஒருவர் வருவார் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. கட்டி முடித்த பிறகு நினைத்தபோது அது பெரிய செலவாகத் தெரிந்தது.

மாவு கரைக்கும்போது உப்புப் போட்டால் ஒரு நிமிஷ வேலை. மறந்துவிட்டு, வார்த்து அடுக்கிய முப்பது தோசைகளிலும் ஒவ்வொன்றாக உப்புத் தூவ ஆரம்பித்தால்? நேரமும் போகும், ருசியும் சேராது. நம் சமையலறையில் தெரிந்த இந்த நியாயம் பெரிய காரியாலயங்களில் மறந்து போய்விடுகிறது.

அடுத்த வாரம் நான் மறுபடியும் டீச்சரம்மாவிடம் போனேன். "உங்களுக்கு என்னென்ன வேண்டும்? ஒன்று விடாமல் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றேன். பாடம் நடத்துவதுபோல ஆரம்பித்துவிட்டார்.

"முதலாவது, படம் போட்டால் அது என்ன என்று ஒரு வரி பின்னால் எழுதச் சொல்லு. கண்ணுக்குத் தெரிய வேண்டாம். என் மென்பொருளுக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவது, படிவத்தில் கட்டம் போட்டால், 'இங்கே பெயர்', 'இங்கே பின்கோடு' என்று ஒவ்வொரு கட்டத்தோடும் அதன் பெயரைச் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் தெரிகிற மாதிரி எழுதினால் போதாது. எனக்குப் பக்கம் ஏது, தூரம் ஏது?

"மூன்றாவது, மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் நடக்க வேண்டும். நாலாவது, அந்தக் கோணல்மாணல் எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்கிறார்களே, 'கேப்சா' என்று, அதற்குக் காதால் கேட்டுப் பதில் சொல்லவும் வழி வேண்டும். 'நீ மனுஷிதான் என்று நிரூபி' என்று கேட்டுவிட்டு, கண் தெரிந்தால்தான் மனுஷி என்றால் எப்படி?

"ஐந்தாவது, அரசாணை, விதிமுறை எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து, அதைப் போட்டோ பிடித்த மாதிரி ஸ்கேன் செய்து பி.டி.எப். என்று ஏற்றுகிறார்கள். உனக்கு அது எழுத்து. என் மென்பொருளுக்கு அது வெறும் படம். நாற்பது பக்கம் இருந்தாலும் அதற்கு வெற்றுத்தாள்தான்."

தமிழுக்கென்று இன்னொரு சங்கடமும் இருந்தது என்றார். பழைய எழுத்துருக்கள் பலவற்றில், திரையில் தமிழ் எழுத்துப்போலத் தெரிந்தாலும் கணினிக்குள்ளே அது ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோதான் இருக்கும். படிக்கச் சொன்னால் குரல் உளறும். யூனிகோடு முறை வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதும் ஒரே எண்முறை என்று ஆயிற்று. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்னால் போட்ட பழைய பக்கங்களை அப்படியே விட்டு வைத்திருக்கும் இடங்களில், இன்றும் டீச்சரம்மாவின் கணினி உளறத்தான் செய்யும்.

"எனக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடாதே" என்று என்னை மறுபடி உட்கார வைத்தார். "காது கேட்காதவர் இருக்கிறார். அமைச்சர் பேசுகிற வீடியோவைப் போட்டால் கீழே பேச்சை எழுத்தில் போட வேண்டும். கை நடுங்குகிறவர் இருக்கிறார். கடுகு அளவில் பட்டன் வைத்தால் அவர் எப்படி அமுக்குவார்? 'சிவப்பாக உள்ளதைப் பூர்த்தி செய்க' என்றால் நிறம் பிரித்தறியாதவருக்குப் புரியுமா? பத்து நிமிஷத்தில் முடிக்காவிட்டால் படிவம் மூடிக்கொண்டுவிடும் என்றால், மெதுவாகத் தட்டுகிறவர் கதி என்ன?"

வெள்ளைத் தாளில் வெளிறிய சாம்பல் எழுத்தைப் போடுவது இந்நாளில் நாகரிகமாகிவிட்டது. எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. இது கண் தெரியாதவர்களுக்கான விதி அல்ல. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் நம் மாமியாருக்கும், மொட்டை மாடி வெயிலில் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் நமக்கும் சேர்த்துத்தான்.

★

டீச்சரம்மா வீட்டில் பேசுகிற அந்தப் 'புண்ணியவான்' எங்கிருந்து வந்தான் தெரியுமா? அவனும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வந்தான். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்று இரண்டு நண்பர்கள். இருவருமே பார்வையற்றவர்கள். சிறுவயதில், பார்வையற்ற குழந்தைகளுக்கான சங்கீத முகாம் ஒன்றில் சந்தித்துச் சிநேகமானவர்கள். திரையைப் படிக்கும் மென்பொருள்கள் அப்போது கொள்ளை விலை விற்றன. 2006-ல் கரன் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். டெ சேர்ந்துகொண்டார். என்.வி.டி.ஏ. என்ற பெயரில் இன்று அது உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழும் படிக்கும்.

பாருங்கள், கண் தெரியாத இருவர் தங்கள் பங்குக்கு இவ்வளவு செய்து வைத்துவிட்டார்கள். படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதுவது கண் தெரிந்தவர்கள் பங்கு!

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், கட்டடங்களைப் போலவே தகவல் தொடர்பு வசதிகளும் இவர்கள் உபயோகிக்கும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசாங்க இணையதளங்களுக்கென்று தனி விதிமுறைகளும் 2009-லிருந்தே இருக்கின்றன.

2025-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி. திராவக வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர். பாங்குக் கணக்குத் தொடங்கப் போனபோது, 'நீங்கள் உயிருள்ளவர்தான் என்று காட்ட காமிராவின் முன் கண்ணை இமையுங்கள்' என்றார்களாம். அவரால் இமைக்க முடியாது. எதிரே உயிரோடு நிற்கிறவரைக் கணினி ஒப்புக்கொள்ளவில்லை! இன்னொரு வழக்கு, அமர் ஜெயின் என்ற பார்வையற்ற வழக்கறிஞர் தொடுத்தது. இரண்டையும் சேர்த்து விசாரித்தவர்கள் நீதிபதிகள் பர்டிவாலா, மகாதேவன் ஆகிய இருவர். தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து சென்ற நீதிபதி மகாதேவன். இணைய வசதிகளை எட்டும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கொடுக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று சொல்லி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தார்கள். இமைப்பதைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. செயலியோ இணையதளமோ தயாரிக்கும்போது பார்வையற்றவர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது கட்டளைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தாளிக்கு என்ன பிடிக்கும் என்று அவரையே கேட்டுவிட்டுச் சமைப்பது மாதிரி, எத்தனை சுலபமான யோசனை!

★

"எல்லாம் சரி, இதில் வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறீர்களா? இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று, கல்யாணப் பத்திரிகையையும் கும்பாபிஷேக அழைப்பையும் குடியிருப்புச் சங்கத்தின் 'நாளைத் தண்ணீர் வராது' அறிவிப்பையும் படமாக மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறோம் அல்லவா? கூடவே நாள், நேரம், இடத்தை இரண்டு வரி எழுத்தில் தட்டி அனுப்புங்கள். உங்கள் வட்டத்தில் கண் தெரியாதவர் யாருமில்லை என்று நினைக்க வேண்டாம். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படும் பெரியவர் ஒருவராவது இருப்பார்.

இரண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளையோ மருமகளோ கணினி வேலையில் இருந்தால், ஒரே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். அவர்கள் தயாரித்த பக்கத்தைத் திறந்து, மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். அதற்குமேல் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

டீச்சரம்மா செய்ததும் அதுதான். அந்தக் காரியாலயத்துக்கு நம்பர் போட்டு ஒரு புகார்க் கடிதம் அனுப்பினார். கணக்கு டீச்சர் அல்லவா? எந்தப் பக்கம், எத்தனாவது கட்டம், என்ன பிழை என்று பரீட்சைத்தாள் திருத்துவதுபோல எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து, அங்கே இணையதளத்தைக் கவனிக்கும் இளைஞர் ஒருவர் போன் செய்தார். டீச்சரம்மா ஒன்றும் விவாதிக்கவில்லை. "தம்பி, ஒரு நிமிஷம் இதைக் கேளு" என்று சொல்லி, போனைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பட்டன்... பட்டன்... பட்டன்..."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லையாம். பிறகு, "நான் செய்த பக்கம்தான் அம்மா. அது இப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாது" என்றாராம் அந்த இளைஞர்.

நேற்று சாயங்காலம் டீச்சரம்மா எனக்குப் போன் செய்தார். மூன்று பட்டன்களுக்கும் பெயர் வந்துவிட்டதாம். கட்டங்களும் சரியாகிவிட்டனவாம். கேப்சா இன்னும் வாய் திறக்கவில்லை. விதிமுறைகள் இன்னும் படமாகத்தான் கிடக்கின்றன. அதற்கு இரண்டாவது கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

"மெதுவாக வரட்டும். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கிப் பாஸ் பண்ணிவிட்டான்" என்றார். "அந்தக் கோணல் எழுத்தை மட்டும் எதிர்வீட்டுப் பையன் வாசலில் நின்றபடியே படித்துச் சொன்னான். மற்றதையெல்லாம் நானே தட்டினேன். அவன் அம்மா இன்றைக்குக் காலையில் வந்து, 'என்ன டீச்சர், ஏதோ விண்ணப்பம் போட்டீர்களாமே, என்ன விஷயம்?' என்று கேட்டாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"அது என் சொந்த விஷயம் என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று தெரியுமா, அம்மா?"